பிரிமுலா வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இதன் நகல் அவர்கள் வீட்டுக்கு எப்படியும் போய்ச் சேரும்.

பிரிமுலா என்ற குளிர் விரும்பும் பூச்செடியை வளர்க்கும் நம் சங்கத்தில், ஆண்டு முடிந்ததும் செயலாளர் அறிக்கை வைக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று தலைவர் அன்போடு சொல்லியிருந்தார். சென்ற ஆண்டு அறிக்கை நீளம் என்று குறைப்பட்டவர்களில் பாதிப்பேர் அதைப் படிக்கவே இல்லை என்பது அவர்கள் கேட்ட கேள்விகளிலேயே தெரிந்தது. எனவே நீளத்தைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

கூட்டங்களும் நிகழ்ச்சிகளும்

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது, ஒருமுறை மட்டும் ஆள் சேராமல் கலைந்தது. வசந்தக் கண்காட்சி நடந்தது. இலையுதிர் காலத்தில் பக்கக்கன்று பிரித்துக் கொடுக்கும் நாள் நடந்தது. தொட்டி மாற்றும் செய்முறை விளக்கம் நடந்தது. தென் இத்தாலியின் கடலோரப் பாறைகளில் வளரும் பிரிமுலா பாலினுரி பற்றிப் படங்களோடு ஓர் உரையும் நடந்தது. பிரிமுலாவில் அரிக்குலா கூட்டம் என்ற உட்பிரிவு மலைகளில் வாழ்வது, அதில் இது ஒன்று மட்டும் கடற்கரையில் இருக்கிறது. அரிய பேச்சு. கேட்க முதல் வரிசைகூட நிரம்பவில்லை. நூலகப் புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை, எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

வருகைப் பதிவேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பக்கக்கன்று இலவசமாகக் கிடைக்கும் நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போட இடம் போதவில்லை. சரளைக்கல் சலிக்கவும் மேசை தூக்கவும் கூப்பிட்ட நாளில் தலைவர், பொருளாளர், நான், அப்புறம் எப்போதும் வரும் அந்த இரண்டு மூத்த உறுப்பினர்கள். அவர்களில் ஒருவருக்கு முதுகுவலி. அவர்தான் அதிக மேசைகளைத் தூக்கினார்.

கண்காட்சியும் அதையொட்டி எழுந்த பேச்சும்

கண்காட்சி நன்றாக நடந்தது என்று பலரும் சொன்னார்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். ஓரத்தில் நான் வைத்திருந்த 'தோட்டக் கலப்பினங்கள்' மேசையைப் பற்றிக் கண்காட்சி முடிந்த பிறகு சில உறுப்பினர்கள் தலைவரிடம் முறையிட்டதாகத் தெரிகிறது. என்னிடம் நேரில் யாரும் சொல்லவில்லை. முறையீடு இதுதான்: அந்த மேசையில் ஊசிக்கண் பூக்கள் இருந்தன, அது சங்கத்தின் மரபுக்கு அழகல்ல.

புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். பிரிமுலாவில் பூ இரண்டு விதம். ஒன்றில் சூல்முடி குழலின் வாய்வரை உயர்ந்து குண்டூசித் தலை மாதிரி நிற்கும், மகரந்தப்பைகள் உள்ளே பாதி ஆழத்தில் இருக்கும். அதைத்தான் ஊசிக்கண், ஆங்கிலத்தில் பின், என்கிறோம். மற்றதில் மகரந்தப்பைகள் வாயில் வட்டமாக நிறைந்திருக்கும், சூல்முடி உள்ளே தாழ்ந்திருக்கும். அது குஞ்சக்கண், அதாவது த்ரம். ஒரு செடி ஒரு விதமாகத்தான் பூக்கும். அரிக்குலா கண்காட்சிகளில் குஞ்சக்கண் மட்டுமே செல்லும், ஊசிக்கண்ணை நடுவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். குழலின் வாய் நிறைந்திருந்தால் முகம் முழுமையாகத் தெரிகிறது என்பது பழைய பூப்பிரியர்களின் ரசனை. அந்த ரசனையில் எனக்கும் உடன்பாடுதான். கண்காட்சிக்கென்றே வளர்க்கும் 'ஷோ' அரிக்குலா மேசையில் ஊசிக்கண் வைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

ஆனால் மலைப்பாறையில் பூக்கும் செடிக்கு நடுவர் கிடையாது. அங்கே இரண்டு விதமும் கலந்துதான் வளர்கின்றன. இரண்டும் இருந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். ஊசிக்கண்ணுக்குக் குஞ்சக்கண்ணின் மகரந்தமும், குஞ்சக்கண்ணுக்கு ஊசிக்கண்ணின் மகரந்தமும் சேர்ந்தால் காய் நிறைகிறது, ஒரே விதத்துக்குள் சேர்த்தால் குறைகிறது என்று டார்வினே சோதித்துப் பார்த்து 1862-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார். நம் சங்கத்துக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஊசிக்கண் நாற்றுகளையெல்லாம் பூத்த அன்றே பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு "விதையே பிடிக்கவில்லை, செயலாளர் சார்" என்று வந்து நிற்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? நல்ல இலையும் நல்ல உடற்கட்டும் உள்ள ஊசிக்கண் செடியைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சக்கண் ஓங்கு பண்பு. குஞ்சக்கண் செடியின் மகரந்தத்தை ஊசிக்கண் தாய்க்கு வைத்தால் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி குஞ்சக்கண்ணாகவே வரும். கண்காட்சிக்குத் தேவையானது அந்தப் பாதியில் கிடைத்துவிடும்.

கலப்பினத் திட்டம்

இந்தத் திட்டத்துக்காகச் சங்கத்தின் கண்ணாடிக்குடிலில் ஒரு பக்க மேடையை எடுத்துக்கொண்டேன் என்பது உண்மை. அதற்குச் செயற்குழு ஒப்புதல் இருக்கிறது, நடவடிக்கைக் குறிப்பேட்டில் பார்க்கலாம். அந்த மேடை அதற்கு முன் காலித் தொட்டிகளும் உடைந்த கண்ணாடியும் குவிந்து கிடந்த இடம் என்பதும் உண்மை.

என்ன செய்கிறேன் என்று கேட்பவர்கள் குறைவு. ஏன் செய்கிறேன் என்று கேட்பவர்கள் அதிகம். இருவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிரிமுலா அல்லியோனியைப் பூத்த நிலையில் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கையகல இலைக்கொத்து, அதன்மேல் இலையே தெரியாமல் இளஞ்சிவப்புப் பூக்கள். டூரின் நகரத் தாவரவியலாளர் அல்லியோனியின் பெயர் தாங்கிய இந்தச் செடியின் சொந்த வீடு, பிரான்சும் இத்தாலியும் சந்திக்கும் கடலோர ஆல்ப்ஸ் மலைகளின் சுண்ணாம்புப் பாறைகள். அங்கேயும் திறந்த வெளியில் அது நிற்பதில்லை. நிழல் விழும் செங்குத்துப் பாறை, குகை வாய், மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடம். மழைத்துளி இலைமேல் நேராக விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட செடியைத் தோட்டத்தில் திறந்த தொட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். இலை பிசுபிசுப்பானது. காய்ந்த பழைய இலை உதிராமல் செடியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். குளிர்கால ஈரம் அதில் தங்கினால் சாம்பல் பூஞ்சை வந்துவிடும். வாடிய பூவை எடுக்காமல் விட்டாலும் அங்கிருந்தே அழுகல் உள்ளே இறங்கும். ஆகவே சூடேற்றாத, எந்நேரமும் காற்று ஓடும் கண்ணாடிக்குடில் வேண்டும், தொட்டியை மணலில் புதைத்து அந்த மணல் வழியாகவே நீர் கொடுக்க வேண்டும், இடுக்கியோடு மணிக்கணக்கில் குனிந்து நிற்க வேண்டும். குடில் இல்லாத உறுப்பினர்கள்தான் நம் சங்கத்தில் பெரும்பான்மை. அவர்கள் அல்லியோனியைப் படத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதானா?

அதே மலைப்பக்கத்தில் இன்னொன்று வளர்கிறது, பிரிமுலா மார்ஜினேட்டா. இலை விளிம்பு முழுக்கப் பல்பல்லாக வெட்டி, அந்த விளிம்பில் வெள்ளி மாவு பூசியது போலிருக்கும். ஊதா கலந்த நீலப் பூ. அதன் பூ அல்லியோனி அளவுக்கு இல்லைதான். ஆனால் கல் இடுக்கில் செருகி விட்டால் மழையோ பனியோ அதுபாட்டுக்கு இருக்கும். இந்த இரண்டையும் கலந்து, அல்லியோனியின் பூவும் மார்ஜினேட்டாவின் உடம்பும் கொண்ட ஒரு செடியைக் கொண்டுவர முடியுமா? குடில் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் அதைக் கல்தொட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? திட்டம் அவ்வளவுதான்.

இது புதிய யோசனை என்று நான் மார்தட்டவில்லை. 'பீட்ரிஸ் வூஸ்டர்' என்ற பெயரில் நம்மில் பலர் வைத்திருக்கும் செடி அப்படி வந்ததுதான். மார்ஜினேட்டாவின் புகழ்பெற்ற வகையான 'லிண்டா போப்'பும் அல்லியோனியும் சேர்ந்து பிறந்தது. அதைக் கடைசியாக யார் பக்கக்கன்றுக்குக் கேட்டார்கள், யார் திருப்பித் தரவில்லை என்பதற்குள் இப்போது போக வேண்டாம்.

"இருக்கிற இனங்கள் போதாதா, எதற்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஒரு மூத்த உறுப்பினர் பொதுவில் கேட்டார். கேட்டவர் நெஞ்சில் குத்தியிருந்த பதக்கம் ஒரு ஆல்பைன் அரிக்குலாவுக்குக் கிடைத்தது. அந்த அரிக்குலா எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புப் பாறையில் வளரும் மஞ்சள் பூ அரிக்குலாவும், சிலிக்கா பாறையில் வளரும் இளஞ்சிவப்பு ஹிர்சுட்டாவும், இரண்டு பாறையும் ஒட்டி நிற்கிற ஓரிடத்தில் தாமாகக் கலந்தன. அந்தக் கலப்புக்குப் பெயர் பிரிமுலா பியூபெசென்ஸ். 1573-ல் வியன்னா அரசவைக்கு வந்த தாவரவியலாளர் க்ளூசியஸ் அதைத் தோட்டத்தில் வளர்த்து எழுதியும் வைத்தார். எந்த மலையிலிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் கெர்னர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இன்ஸ்ப்ரூக் அருகே மலையில் அது இயற்கையாக வளர்வதைக் கண்டு முடிச்சை அவிழ்த்தார். நம் கண்காட்சி மேசையில் சிவப்பும் ஊதாவும் பழுப்புமாக நிற்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வேண்டாத வேலையை மலையே முதலில் செய்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. வாசலில் நிற்கும் சாதாரண பிரிம்ரோஸோடு கலந்து பார்க்கக்கூடாதா என்கிறார்கள். பார்க்கலாம், விதை பிடிக்காது. அரிக்குலா கூட்டம் தனக்குள்ளேதான் தாராளமாகக் கலக்கும், பிரிம்ரோஸ் கூட்டத்தோடு சேராது. கூட்டத்துக்குள்ளேயும் எல்லாக் கலப்பும் அடுத்த தலைமுறைக்கு விதை கொடுப்பதில்லை. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1900-ஐ ஒட்டி இரண்டு வேறு பிரிமுலாக்கள் கலந்து தோன்றிய கியூவென்சிஸ் முதலில் மலடாகத்தான் இருந்தது. அதன் குரோமோசோம்கள் 18-லிருந்து 36-ஆக இரட்டித்த ஒரு கிளை வந்த பிறகுதான் விதை பிடித்தது. நமக்கு அப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அல்லியோனியும் மார்ஜினேட்டாவும் கலந்தவற்றில் பலவும் பெற்றோரில் ஒன்றோடு திரும்பச் சேர்த்தால் விதை தருகின்றன.

செய்முறையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் வசந்தத்தில் குடிலுக்கு வரலாம். வந்தவர் ஒருவர்தான். ஆகவே எழுதியே வைக்கிறேன். நாளை திறக்கும் என்று தோன்றும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்னால் கை வைக்க வேண்டும். இதழ்க்குழலைப் பக்கவாட்டில் நகத்தால் லேசாகக் கீறி, மெதுவாக மேலே இழுத்தால் குழல் மொத்தமாகக் கழன்று வரும். மகரந்தப்பைகள் ஐந்தும் அந்தக் குழலின் உட்சுவரில்தான் ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். வேறெதையும் தனியாகக் கிள்ள வேண்டியதில்லை. மிஞ்சுவது பச்சைக் கிண்ணமும் அதில் நிற்கும் சூலகமும் சூல்முடியும். இதழ் இல்லாததால் தேனீயும் எட்டிப் பார்க்காது. ஓரிரு நாளில் சூல்முடி பளபளக்கும், அப்போது தந்தைச் செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வையுங்கள். ஒவ்வொரு கலப்புக்கும் வேறு தூரிகை, அல்லது சாராயத்தில் கழுவிக் காயவைத்த தூரிகை.

அல்லியோனி முந்திப் பூக்கும், அரிக்குலா பிந்தி. அதனால் முந்தியதன் மகரந்தத்தை நிழலில் உலர்த்திச் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். மார்ஜினேட்டா தாயாக இருந்தால் காய் தண்டின் உச்சியில் தெரியும்படி நிற்கும். அல்லியோனி தாயாக இருந்தால் தண்டே இருக்காது, காய் இலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வெடித்து விதை செடிக்குள்ளேயே கொட்டிவிடும். ஆகவே அல்லியோனியைத் தந்தையாக வைப்பது சோம்பேறிகளுக்கு வசதி. எனக்கும் வசதி. அட்டையில் முதலில் தாயின் பெயர், பிறகு பெருக்கல் குறி, பிறகு தந்தையின் பெயர். மாற்றி எழுதாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஒரு குளிர்காலம் தாங்காது.

விதையைச் சரளைப்பொடி கலந்த கலவையில் தூவி, மேலே மிகமிக மெல்லிய அடுக்குச் சரளை மட்டும். மண் போட்டு மூட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். பிறகு குளிரில் வெளியே வையுங்கள், பனி விழட்டும். வெயில் ஏறி 20 பாகைக்கு மேல் போனால் முளைப்பது நின்றுவிடும். முக்கியமாக, முதல் வசந்தத்தில் வரவில்லை என்று தட்டைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் வசந்தத்தில் வரும் விதைகள் உண்டு. நான் கொடுத்த விதைத்தட்டு ஒன்றை ஓர் உறுப்பினர் கோடையில் திருப்பிக் கொண்டுவந்தார், கழுவித் துடைத்து, சுத்தமாக. "எதுவும் வரலை சார், தட்டு உங்களுது, அதான் கொண்டுவந்தேன்" என்றார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறேன்.

சரி, பலன் என்ன? பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. கலப்பினம் செய்பவர் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். சிலவற்றின் பூ சேற்று நிறம். சிலவற்றில் பூ அழகு, ஆனால் செடி கழுத்து நீண்டு படுத்துவிட்டது. ஆனால் தேறியவையும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இலையில் மங்கலான வெள்ளி விளிம்பு, அல்லியோனியைப் போல இலையை மூடும் பூ, நடுவில் வெண்மையான கண். இரண்டு குளிர்காலம் மூடாத கல்தொட்டியில் மழையில் நனைந்தும் கெடவில்லை. ஊசிக்கண்தான். மேசையில் வைத்தது அதைத்தான். அதைப் பற்றித்தான் தலைவரிடம் முறையீடு போனது.

தராத தகவல் பற்றி

இங்கேதான் என் குறை. ஒரு கலப்பினம் நல்லதா என்று ஒரே தோட்டத்தில் வைத்துச் சொல்லிவிட முடியாது. என் குடிலில் நான் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதால் எதுவும் பிழைக்கும். வடக்குச் சுவர் நிழலிலும், தெற்கு வெயிலிலும், களிமண் தோட்டத்திலும், மறந்துபோய் நீர் ஊற்றாத வீட்டிலும் அது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகவே பக்கக்கன்று நாளில் எண்ணிட்ட நாற்றுகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தேன். கூடவே ஒரு அட்டை. எங்கே வைத்தீர்கள், எப்போது பூத்தது, குளிர்காலம் தாண்டியதா என்று மூன்று கேள்விகள். இரண்டு நிமிட வேலை.

நாற்று எல்லாம் போய்விட்டது. அட்டை திரும்பி வந்தது கைவிரலில் எண்ணுமளவுக்குத்தான். தொலைபேசியில் கேட்டால் பதில்கள் பலவகை. வெளியூர் போயிருந்தோம். அட்டை எங்கேயோ இருக்கிறது. பூனை தோண்டிவிட்டது. ஒருவர், "செத்துப்போச்சு சார், அதைப் போய் எப்படி எழுதுறது" என்று கூச்சப்பட்டார். செத்ததும் ஒரு தகவல்தான் ஐயா. ஈரத்தில் செத்ததா, வெயிலில் செத்ததா, புழு அரித்ததா என்று தெரிந்தால் அந்தக் கலப்பை விட்டுவிடலாம், அல்லது இன்னொரு தடவை மார்ஜினேட்டாவோடு சேர்க்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் நான் இருட்டில்தான் தூரிகையைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. எண்ணிட்டுக் கொடுத்த நாற்று ஒன்று வேறொரு பெயரோடு, பேத்தியின் பெயர் என்று கேள்வி, வேறொரு சங்கத்தின் கண்காட்சியில் நின்றதாகச் செய்தி வந்தது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், நான் சொல்லப்போவதில்லை. பேத்தி நலமாக இருக்கட்டும். சோதனையில் இருக்கும் செடிக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பெயர் வைத்த கலப்பினத்தைப் பக்கக்கன்று வழியாகத்தான் பெருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதன் விதையிலிருந்து வருவதற்கு அந்தப் பெயர் செல்லாது. விதை உறைகளில் பெரிய பெரிய பெயர்கள் எழுதிப் பரிமாற்றத்துக்குத் தருகிறவர்கள் கவனிக்க.

பூச்சிகள்

வேர் அசுவினி இந்த ஆண்டு சங்கக் குடிலுக்குள் வந்தது. பக்கக்கன்று நாளுக்கு வந்த ஒரு தொட்டியைத் தட்டிக் கவிழ்த்துப் பார்த்தபோது மண்கட்டியின் ஓரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அந்தப் பஞ்சை நகத்தால் விலக்கினால் உள்ளே வெளிர்பச்சைப் பூச்சி, வேரை ஒட்டி வரிசையாக. அந்தச் செடியை வேர் கழுவித் தனியே வைத்தோம், மற்றவற்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். அப்புறம், தொட்டி வண்டின் புழு. வண்டு இரவில் இலை விளிம்பைக் கடிக்கும், அது பெரிதில்லை. மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புழுதான் வேரை முழுதும் தின்றுவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த செடி கையோடு வந்துவிட்டது என்றால் அதுதான். புழுவைத் தேடித் தின்னும் நுண்புழுக்களை நீரில் கலந்து ஊற்றியதில் நல்ல பலன். மண் உறைந்த குளிரில் இருக்கும்போது ஊற்றிப் பயனில்லை. இனி பரிமாற்றத்துக்கு வரும் எந்தத் தொட்டியும் கவிழ்த்துப் பார்க்கப்படும். யாரும் தங்களை அவமதித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தா

இதைப் பொருளாளர்தான் சொல்ல வேண்டும், அவர் மென்மையானவர் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார். சந்தா பாக்கி சென்ற ஆண்டைவிட அதிகம். நினைவூட்டல் கடிதம் போனது. இரண்டாம் நினைவூட்டலும் போனது. தபால் செலவு சங்கத்துடையது, அதாவது சந்தா கட்டியவர்களுடையது.

பாக்கி வைத்தவர்கள் வசதியில்லாதவர்கள் அல்ல. அப்படி உண்மையில் சிரமம் உள்ளவர்களுக்குச் சலுகை கொடுக்க விதியில் இடம் இருக்கிறது, கேட்டவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறோம், யாருக்கும் தெரியாமல். இவர்கள் வேறு. "அடுத்த கூட்டத்துல தந்துடறேன் சார்" என்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வராதவரிடம் எப்படி வாங்குவது? விதைப் பரிமாற்றப் பட்டியல் வெளியாகும் வாரம் மட்டும் தவறாமல் ஆஜராகி, 'லிண்டா போப்' விதை இருக்கிறதா என்று கேட்பார்கள். அதன் விதை அதுவாக வராது என்று மேலேதான் சொன்னேன். விதியின்படி சந்தா கட்டாதவர்களுக்கு விதையும் இல்லை, பக்கக்கன்றும் இல்லை, வாக்கும் இல்லை. இதுவரை நாம் அதை அமல்படுத்தியதில்லை. வரும் ஆண்டு அமல்படுத்துவதா என்பதைச் செயற்குழு பரிசீலிக்கும் என்று மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

வரவு செலவு

கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் இருக்கிறது. வரவு சந்தாவிலிருந்தும் கண்காட்சி நாளின் செடி விற்பனையிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வந்தது. செலவு வாடகை, சரளை, கலவை மண், தபால், கண்ணாடி மாற்றியது, இதர வகை. மொத்தத்தில் செலவு வரவுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் என்பதைப் பொருளாளர் கேட்பவர்களுக்கு விளக்குவார். கலப்பினத் திட்டத்துக்குச் செலவு என்று பார்த்தால் தூரிகை, அட்டை, பென்சில், கொஞ்சம் சரளை. 'இதர வகை' என்று காட்டியிருப்பதில் பெரும்பகுதி அது என்ற பேச்சு தவறு. அதில் பெரும்பகுதி இரண்டாம் நினைவூட்டல் கடிதங்கள்.

நன்றி

தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், கண்காட்சி நடுவர்களுக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், சுவரொட்டி அச்சிட்டுத் தந்தவருக்கும், மேசை தூக்கியவர்களுக்கும் நன்றி. விதை தந்தவர்களுக்கு நன்றி, சரியான பெயர் எழுதித் தந்தவர்களுக்குக் கூடுதல் நன்றி. குடிலின் சாளரங்களைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்ட அந்த மூத்த உறுப்பினருக்குத் தனியாக நன்றி. அவர் ஊசிக்கண்ணை ஏற்காதவர். ஆனாலும் என் நாற்றுகளுக்குத்தான் முதலில் நீர் ஊற்றினார்.

வரும் ஆண்டு

செயலாளர் பொறுப்பில் நான் நீண்ட காலம் இருந்துவிட்டேன் என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தேர்தலில் வேறு யாராவது நின்றால் மகிழ்ச்சியோடு வழிவிடுவேன். சென்ற முறையும் இதையே சொன்னேன், வேட்புமனுப் பெட்டியில் ஒன்றும் விழவில்லை. பொறுப்பு பெரிதில்லை: குறிப்பேடு, கடிதங்கள், கண்காட்சி, சாவி. கலப்பினத் திட்டம் செயலாளர் பொறுப்போடு சேர்ந்தது அல்ல. அதை யார் செயலாளரானாலும் நான் தொடர்வேன், அந்த ஒரு மேடை என்னிடம் இருக்குமானால்.

வரும் ஆண்டு தேறிய கலப்புகளை மார்ஜினேட்டாவோடு திரும்பச் சேர்க்கப் போகிறேன். அந்த வெள்ளி விளிம்பு இன்னும் பளிச்சென்று வர வேண்டும். பிரிமுலா மினிமா என்ற சிறிய இனத்தோடும் ஒரு முயற்சி செய்யலாம் என்று எண்ணம். மினிமாவும் ஹிர்சுட்டாவும் மலையிலேயே கலந்து ஃபோர்ஸ்டெரி என்ற கலப்பினம் ஆகியிருக்கிறது, ஆகவே அந்தப் பக்கம் கதவு பூட்டியில்லை. சென்ற ஆண்டு விதைத்தவை வரும் வசந்தத்தில் முதல் பூ காட்டும். அவற்றைப் பிரித்துப் பார்க்க இரண்டு கண் போதாது.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கக் கதவருகே எண்ணிட்ட நாற்றுத் தட்டுகள் இருக்கும். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றோடும் அட்டை கட்டியிருக்கிறது, இம்முறை பென்சிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். தட்டு மேசைக்குப் பக்கத்து மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். வெளியே போகும் வழி அந்த இரண்டு மேசைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. முன்பக்கக் கதவை ஏன் பூட்டிவிட்டீர்கள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்